பொம்மைக்குத் தெரியுமா பட்டின் கனம்?

இப்போதெல்லாம் டி.வி.யிலும் செல்போனிலும் நிஜத்தில் இல்லாத பெண்கள் வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார்கள். 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓ.டி.வி.யில் 'லிசா' என்ற பெண் கைத்தறிப் புடவையில் வந்து செய்தி வாசித்தாள். 2024 மே மாதம் டி.டி. கிசான் சேனலில் க்ரிஷ், பூமி என்று இருவர் வந்தார்கள். எல்லாமே 'ஏ.ஐ.' எனும் செயற்கை நுண்ணறிவால் கம்ப்யூட்டர் உருவாக்கிய உருவங்கள்!

"இதையெல்லாம் யாரு பார்ப்பாங்க?" என்கிறார்கள் சிலர். ஏன் பார்க்க மாட்டோம்? பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன் கதை பார்த்து அழுதவர்கள்தானே நாம்! மரப்பொம்மை என்று தெரிந்தேதான் அழுதோம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால், அதே பொம்மை கடை விரித்தால்? 2025 ஜூனில் சீனாவில் அதுவும் நடந்துவிட்டது. லுவோ யோங்ஹாவ் என்ற பிரபல விற்பனையாளரைப் போலவும் அவருடைய கூட்டாளியைப் போலவும் செய்யப்பட்ட இரண்டு ஏ.ஐ. உருவங்கள் 'லைவ்'வில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசி, சுமார் ஐந்தரை கோடி யுவானுக்குப் பொருட்களை விற்றன.

பட்டு நெசவை நம்பி வாழும் ஆரணிக்காரியான எனக்கு இதைக் கேட்டதும் 'பகீர்' என்றது. செல்போன் லைவ்வில் புடவை விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தொண்டை கட்டிய குரலில், "அக்கா, இது கொஞ்சம் கனம்தான், வெயிலுக்கு வேணாம்" என்பாள் ஒருத்தி. தொட்டுப் பார்த்தவள் சொல்லும் வார்த்தை அது. சாயம் போனால் அவளையே பிடித்துக் கேட்கலாம். பொம்மை, "பட்டு வழவழன்னு இருக்கு" என்றால் எப்படி நம்புவது? அதற்குத்தான் கையே இல்லையே! லிசாவின் புடவையும் திரையில் தெரிந்த படம்தானே? அதற்காகத் தார் சுற்றியவள் யார், தறியில் குனிந்தவர் யார்?

சீனாவில் 2025 செப்டம்பர் முதல், இப்படிப்பட்டவற்றில் 'ஏ.ஐ.' என்று அடையாளம் போட வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால், அது மட்டும் போதாது. கைத்தறியா, விசைத்தறியா? எந்த ஊரில் நெய்தது? குறை இருந்தால் பதில் சொல்லும் ஆள் யார்? இதையும் திரையிலேயே காட்டட்டும்.

பொம்மை செய்தி வாசிக்கட்டும், பாட்டுப் பாடட்டும், ரசிப்போம். ஆனால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுக்கும் முன், திரைக்குப் பின்னால் கயிறு பிடிப்பவர் யார் என்று கேட்போம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஆரணி.