சோதனைக்கு முந்தைய நாட்கள்

இதயச் சோதனைக்கு எழுதிக் கொடுத்த நாளுக்கும் முடிவைச் சொல்லும் நாளுக்கும் நடுவே நோயாளிக்கு நாம் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. எக்கோவுக்கோ டிரெட்மில்லுக்கோ தேதி கிடைக்க அரசு மருத்துவமனையில் சில வாரங்கள் ஆகலாம். தனியாரில் பணம் புரட்டும் வரை தள்ளிப்போகலாம். "எதற்கும் ஒரு டி.எம்.டி. பார்த்துவிடுவோம்" என்று சொல்லி அனுப்பியதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனவருக்கோ, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் துடிப்பு காதில் கேட்கிறது. வெளியூரில் இருக்கும் மகன் பொழுதுக்கும் கூப்பிட்டு விசாரிக்கிறான். நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்த உறவினர் ஒருவரின் ஞாபகம் அப்போதுதான் வந்து தொலைக்கிறது. இந்த நாட்களும் சிகிச்சைக் காலமே. குடும்ப மருத்துவர்கள், செவிலியர்கள், பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் அனைவரிடமும் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

பயம் மனசோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அட்ரினலின் கூடினால் துடிப்பு விரைகிறது, நடுநடுவே தப்புத் துடிப்புகள் எழுகின்றன. மேல்மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, நெஞ்சு இறுகுகிறது. ஈசிஜியில் டி அலைகூட இதனால் மாறலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இத்தகைய படபடப்பையும் நெஞ்சு வலியையும் கண்ட ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் அதைப் பதிவு செய்தார். இதயத்தில் கோளாறு தென்படாத பலருக்கும் வலி உண்மையாகவே இருந்தது. ஆக, காத்திருக்கும் காலம் ஏற்கெனவே இருந்த அறிகுறியோடு புதிதாகச் சிலவற்றையும் சேர்த்துவிடுகிறது. அவற்றை அடுத்த முறை நம்மிடம் சொல்லும்போது "அதெல்லாம் மனசுதான், ஒன்றும் இருக்காது" என்கிறோம். ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் சோதனை எதற்கு என்று அவர் நினைக்க மாட்டாரா? நினைக்கிறார். நம்மிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பதற்றம் தணிய நல்ல வார்த்தை மட்டும் போதாது, விவரம் வேண்டும். இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கீத் பெட்ரி தலைமையில் நடந்த ஆய்வு 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நெஞ்சு வலிக்காக டிரெட்மில் சோதனைக்கு அனுப்பப்பட்ட 92 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான தகவல் மட்டும். இன்னொரு பிரிவுக்கு, சோதனை முடிவு இயல்பாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்று விளக்கும் துண்டறிக்கை. மூன்றாம் பிரிவுக்குத் துண்டறிக்கையோடு அதைப் பற்றிச் சிறிது நேரப் பேச்சு. எல்லாமே சோதனைக்கு முன்னால். ஒரு மாதம் கழித்து இன்னும் நெஞ்சு வலி இருப்பதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 36 சதவீதம், துண்டறிக்கைப் பிரிவில் 28, பேசிய பிரிவில் 17. சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாத, பக்கவிளைவில்லாத இதைப் போன்ற இன்னொரு மருந்து நம் கையில் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடும் நோய்க்கான வாய்ப்புக் குறைவாக உள்ளவர்களுக்குச் செய்யும் சோதனைகள் கவலையைப் போக்குகின்றனவா என்று 14 ஆய்வுகளை, 3,828 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. சோதனையால் மட்டும் கவலை குறைந்ததாக அதில் தெரியவில்லை. "மனத் திருப்திக்காக ஒரு எக்கோ" என்று எழுதும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

அப்படியானால் சீட்டு எழுதும்போது என்ன சொல்வது? "உங்கள் வயது, சர்க்கரை, வலி வரும் விதம் இவற்றை வைத்துப் பார்த்தால் அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு, இல்லை என்று உறுதி செய்யவே இந்தச் சோதனை" என்றோ, "வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அவசரம் இல்லை, அதுவரை இந்த மாத்திரைகள் பாதுகாக்கும்" என்றோ உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பெட்ரியின் ஆய்வு காட்டுவதுபோல, முடிவு இயல்பானால் இந்த வலிக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். டிரெட்மில்லுக்கு முன் பீட்டா பிளாக்கரை நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் நோயாளி எல்லா மாத்திரையையும் தானே நிறுத்திவிடுவார், அது ஆபத்து.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதும் அதே சீட்டில் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே வரும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, வியர்வையோடு தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் சோர்வும் குமட்டலும் மட்டும் வரலாம். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இவர்களில் அதிகம். எல்லையைத் தெளிவாக வரைந்து கொடுத்தால் அதற்கு இப்பால் இருக்கும் சின்னச் சின்ன உறுத்தல்களை நோயாளியால் தாங்க முடிகிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி பயம் உண்டு. "ஓடும்போதே நெஞ்சு நின்றுவிட்டால்?" என்பது டிரெட்மில்லில் முதல் பயம். தக்கவர்களைத் தேர்ந்து செய்தால் 10,000 சோதனைகளில் ஒரு மரணம்கூட அரிது என்றும், வலி வந்தால் நிறுத்தலாம் என்றும், மருத்துவர் அருகில் இருப்பார் என்றும் சொன்னால் போதும். பெண்களுக்கு இன்னொரு பயம் இருக்கிறது. மின்முனைகளை ஒட்ட மேலாடையைக் கழற்ற வேண்டும் என்று தெரியாமல் சேலையில் வந்து, உள்ளே கூனிக் குறுகி நிற்கிறார்கள். அந்த நிலையில் எடுக்கும் ரத்த அழுத்தத்துக்கு என்ன மதிப்பு? முன்பக்கம் திறக்கும் மேலுடுப்பும் பெண் பணியாளரும் இருப்பார்கள் என்று முன்னரே சொல்வதும், அப்படியே இருக்கச் செய்வதும் நிர்வாகத்தின் கடமை.

ஆஞ்சியோவுக்குக் காத்திருப்பவரின் கவலை ஊசியைப் பற்றியதல்ல. படுக்கையில் இருக்கும்போதே ஸ்டென்ட் வைக்கச் சொல்வார்களோ, வெளியே நிற்கும் குடும்பத்தார் அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமோ, காப்பீடு எவ்வளவு கொடுக்கும் என்பவைதான். மாரடைப்பு வந்தவருக்கு நேரம் முக்கியம். அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை. நிலையான நெஞ்சு வலிக்காரரின் கதை வேறு. 5,179 பேரைச் சேர்த்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானபோது, முதலிலேயே ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்குவது மரணத்தையோ மாரடைப்பையோ மருந்து சிகிச்சையைவிடக் குறைக்கவில்லை என்று காட்டியது. வலி அடிக்கடி வருபவர்களுக்கு வலி குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் சேர்க்கப்பட்டவர்களைப் போன்றோரிடம் "யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது" என்று நாம் மனசாட்சியோடு சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சோதனைக்கு முந்தைய வாரமே குடும்பத்தாரை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

எக்கோ அறையில் நடப்பது நம் கவனத்துக்கே வருவதில்லை. இருட்டில் படுத்திருப்பவர் திரையைப் பார்க்க முடியாது. பணியாளரின் முகத்தைப் பார்க்கிறார். ஒரே இடத்தில் புரோப் கொஞ்ச நேரம் நின்றால் அவருக்கு உயிர் போய் வருகிறது. "நாலு கோணத்தில் அளவெடுக்கிறேன், நேரம் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. பிறகு ரிப்போர்ட்டைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டு, மருத்துவரைப் பார்க்கும் வரை அதை வரிவரியாகத் தேடிப் படிக்கிறார். "டிரிவியல் டி.ஆர்." (மூவிதழ் வால்வில் மிகச் சிறு பின்கசிவு) என்ற குறிப்பு ஆரோக்கியமானவர்களிடமும் மிகச் சாதாரணம் என்று எங்கும் எழுதியிருக்காது. வால்வு பழுது என்று குடும்பமே முடிவு செய்துவிடும். சாதாரணமான கண்டுபிடிப்புக்குப் பக்கத்திலேயே "கவலைப்பட வேண்டியதில்லை" என்று தமிழில் ஒரு வரி அச்சிட எவ்வளவு செலவாகும்?

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் மேசைமேல் இருக்கிறது. காத்திருக்கும் நோயாளி அதில் விரலை எத்தனை முறை நுழைக்கிறாரோ அத்தனை முறை துடிப்பு ஏறும். எண்ணைப் பார்க்க ஒரு நாளில் ஒரு நேரம் குறித்துக் கொடுத்து, மற்ற நேரத்தில் நிதான நடையையும், நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மெதுவான மூச்சையும் சொல்லித் தரலாம். தூக்கத்துக்கு ஆல்பிரசோலம் எழுதுவது எளிது. சோதனை முடிந்த பிறகு அதை நிறுத்துவதுதான் கடினம்.

முடிவு இயல்பாக வந்தாலும் நோயாளியை நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்புக்கான தேதி முதல் நாள் சீட்டிலேயே இருக்கட்டும். அதன் பிறகும் படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் கவலையை அளக்கும் ஜி.ஏ.டி.-7 கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, மதிப்பெண் அதிகமானால் மாவட்ட மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். போய்வர முடியாதவருக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையாவது எழுதிக் கொடுங்கள்.