பகடை விழுந்தபின் பேச்சு எதற்கு?

திண்ணையில் தாயம் ஆடும்போது, விழுந்த காயை விரலால் திருப்பி வைக்கிற பிள்ளையை "அழுகுணி" என்று சொல்லி விரட்டுவோம். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அப்படி விரட்ட ஆள் இல்லை. அதனால் வந்த வினையைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" வெளிவந்தது. நாலைந்து நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாக வேடம் ஏற்க, ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மூன்று பகடைகளை உருட்டி வீரனின் பலம், அறிவு முதலியவற்றை முடிவு செய்வது பழைய வழக்கம். மூன்றும் ஆறாக விழுந்து 18 கிடைப்பது 216-ல் ஒரு பங்கு வாய்ப்புத்தான்.

இது கம்ப்யூட்டருக்கு வந்தது. 1988-ல் வந்த "பூல் ஆஃப் ரேடியன்ஸ்" ஆட்டத்தில், வீரனின் எண்களை நாமே மாற்றிக்கொள்ள வழி இருந்தது. மேஜையில் ஆடிய அதே வீரனை இங்கும் கொண்டுவரட்டும் என்பதே நோக்கம். ஆனால் எல்லாவற்றையும் 18 ஆக்கிக்கொள்ளவும் அது கதவைத் திறந்துவிட்டது. 1998-ல் வந்த "பால்டர்ஸ் கேட்" ஆட்டத்திலோ, மனதுக்குப் பிடிக்கும் எண் விழும்வரை உருட்டிக்கொண்டே இருக்கலாம். சண்டையில் செத்தால், சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

"தனியாகத்தானே ஆடுகிறான்? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நஷ்டம் இருக்கிறது.

மேஜையில் கதை நடத்துபவர் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். அவர்கள் தளர்ந்தால் அரக்கர்களைக் குறைப்பார், மிஞ்சினால் கூட்டுவார். கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் கிடையாது. பெரும்பாலான சண்டைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. எல்லாம் 18 வைத்தவனுக்கு ஆட்டம் சப்பென்று போகிறது. தோற்றவன் திரும்ப ஆடிக்கொள்வான் என்று நம்பிச் சண்டையைக் கடுமையாக்கினாலோ, ஒழுங்காக ஆடுகிறவனும் வேறு வழியின்றி அதே குறுக்கு வழிக்குத் தள்ளப்படுகிறான்.

2023-ல் வந்த "பால்டர்ஸ் கேட் 3" இதில் ஓரளவு நேர்மையாக நடந்துகொண்டது. தொடர் தோல்வியைத் தவிர்க்கப் பகடையைச் சற்றே சரிக்கட்டும் ஏற்பாடு அதில் உண்டு, வேண்டாதவர் நிறுத்திவிடலாம். அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட "ஹானர்" முறையில் ஒரே ஒரு சேமிப்புத்தான். விழுந்ததை ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும்.

நாள் முழுதும் வேலை பார்த்து, நெரிசலில் நின்றபடி அறைக்குத் திரும்பும் இளைஞனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அவன் எளிய ஆட்டம் கேட்டால் தவறில்லை. அதைத் திருட்டுத்தனமாக அல்ல, உரிமையாகவே கொடுக்க வேண்டும். எளிது எது, கடினம் எது என்று தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்லட்டும். ஒரு பகடை தவறினாலும் கதை வேறு பாதையில் தொடரும்படி அமைக்கட்டும்.

ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றிரவு தோற்ற பகடையைத் திருப்பி உருட்டாமல் விட்டுப் பாருங்கள். நண்பர்களிடம் சொல்லத் தகுந்த கதை அதிலிருந்துதான் பிறக்கும்.