டிசைன் சிஸ்டம் என்னும் சர்வரோக நிவாரணி

பொத்தான், எழுத்துரு, வண்ணம், படிவக் கட்டம் ஆகியவற்றை ஒரே அச்சில் வார்த்து டிசைன் சிஸ்டமாகத் தொகுத்து வைத்துவிட்டால், அதன்பின் எழும்பும் இணையதளங்களெல்லாம் அழகும் உபயோகமும் ஒருங்கே பெற்றுவிடும் என்றொரு நம்பிக்கை மென்பொருள் நிறுவனங்களில் வேரூன்றியிருக்கிறது. டிவிட்டர் நிறுவனத்தார் 2011-இல் பூட்ஸ்டிராப்பையும், கூகுள் 2014-இல் மெட்டீரியல் டிசைனையும் வெளியிட்ட நாள் தொட்டு ஆயத்தப் பாகங்கள் இலவசமாகவே கிடைப்பதால், இந்த நம்பிக்கைக்குச் செலவு இல்லை. ஆகவே பரிசோதிப்பாரும் இல்லை. ஒரே பிழையை நூறு பக்கங்களில் ஒரேமாதிரி செய்வதற்கும் ஒருமைப்பாடு என்றுதான் பெயர்.

இந்த நம்பிக்கை கொண்டவர்கள் ஓயாமல் உதாரணம் காட்டும் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ‘கவ்.யூகே’ டிசைன் சிஸ்டத்தையே எடுத்துக்கொள்வோம். எண்களை நிரப்புவதற்கென்று உலாவிகளில் ‘நம்பர்’ என்றொரு கட்ட வகை உண்டு. எண்ணுக்கு எண் கட்டம் என்பதைவிட நியாயமானது வேறென்ன? ஆனால், தொகையைத் தட்டிவிட்டுப் பக்கத்தைக் கீழே நகர்த்த மௌஸின் சக்கரத்தைச் சுழற்றுகிறவர், கர்சர் இன்னும் அக்கட்டத்திலேயே நிற்கும்பட்சத்தில், தாம் எழுதிய எண்ணையே ஏற்றியோ இறக்கியோ விட்டு, அதை அறியாமலே விண்ணப்பத்தை அனுப்பிவிடக் கூடும். இதுவும் வேறு சில கோளாறுகளும் புலப்பட்டபின், கவ்.யூகே டிசைன் சிஸ்டம் குழுவினர் 2020-இல் சாதாரண எழுத்துக் கட்டத்துக்கே திரும்பி, கைப்பேசியில் எண் விசைகள் தோன்றும்படி ‘இன்புட்மோட்’ என்னும் குறிப்பைச் சேர்த்து, காரணங்களையும் விவரமாக எழுதி வைத்தார்கள். பிறந்த தேதிக்கு நாட்காட்டியை விரிக்காமல் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்கள் வைத்ததும் இத்தகைய சிரத்தையின் பலனே. தம் பிறந்தநாளை அறிந்தவரை அறுபது வருஷம் பின்னோக்கிப் புரட்டச் சொல்வது என்ன தர்மம்? கட்டங்களைப் பிரதி எடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்தச் சிரத்தையை எங்கிருந்து பிரதி எடுப்பது?

நம் ஊர் விண்ணப்பங்களில் இரவல் பாகங்கள் படுத்தும் பாட்டைக் கேளுங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக இட்டுக்கொள்ளும் தமிழரிடம் ‘குடும்பப்பெயர் கட்டாயம்’ என்று சிவப்பெழுத்து அதட்டுகிறது. அவர் அந்த ஓரெழுத்தையே போட்டால், போதாதென்று மீண்டும் அதட்டுகிறது. கடைசியில் தகப்பனாரையே குடும்பமாக்கிவிட்டு அவர் நகர்கிறார். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் பலவகைப் பெயர்களும் அடங்கும் என்பதைக் கவ்.யூகே எழுதியே வைத்திருக்கிறது. இதை இங்கும் திருத்தலாமே என்று கேட்டால், டிசைன் சிஸ்டம் வேலை போன வருஷமே முடிந்து குழுவும் கலைந்துவிட்டது என்று பெருமிதத்தோடு பதில் சொல்கிறார்கள்.