எந்தப் பூட்டு நல்ல பூட்டு?

கத்தியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று இப்பக்கத்தைப் புரட்டும் நண்பர்கள் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. தமிழ் மன்ற இதழில் சங்க இலக்கியம் பற்றி எழுதலாம். மொழிப்பற்றைப் பற்றி எழுதலாம். பொங்கல் விழாவைப் பற்றி எழுதலாம். சட்டைப் பையில் கிடக்கும் மடக்குக் கத்திக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருக்கிறது. விடுதி அறையில் கொய்யாப்பழம் நறுக்குவதும், ஊரிலிருந்து அம்மா அனுப்பும் முறுக்குப் பொட்டலத்தின் கயிற்றை அறுப்பதும், என் போன்ற தாவரவியல் மாணவர் வெளியூர் சென்று கிளை வெட்டி வருவதும் இந்தக் கத்தியால்தான். திறந்த அலகு மீண்டும் மடங்கி விடாமல் தடுக்கும் சிறு பகுதியையே பூட்டு என்கிறோம். அதைப் பற்றி நான் ஒன்றும் அறியாதவனாய் இருந்திருந்தால் குற்றமில்லை. அறிந்திருந்தும் வாய் திறவாமல் இருந்தேன். அதனால் ஒரு தம்பியின் விரல் அறுபட்டது. ஆகவேதான் இப்போது பேசுகிறேன்.

சென்ற அக்டோபரில் காசியிலிருந்து மிர்சாப்பூர்ப் பக்கத்து விந்திய மலையடிவாரத்திற்குச் செடிகள் சேகரிக்கச் சென்றோம். என்னிடம் கடைத்தெருவில் மலிவாக வாங்கிய பளபளப்பான கத்தி ஒன்று இருந்தது. ஒரு கையால் திறக்கலாம். திறந்ததும் 'டக்' என்று ஓசை எழும். அந்த ஓசையில் எனக்கு ஒரு பெருமை! ஆனால் உள்ளிருக்கும் பூட்டுத் தகடு அலகின் அடியை நுனியளவே தொட்டு நிற்கிறது என்பதை இரண்டு மாதம் முன்பே கண்டிருந்தேன். "பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விட்டேன்.

"அண்ணே, உங்கள் கத்தியைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார். கொடுத்தேன். காய்ந்த மரப்பட்டையில் படிந்திருந்த லைக்கனைப் பெயர்க்க முனையைக் குத்தி நெம்பினார். அலகு பட்டையில் சிக்கியது. அதை விடுவிக்க மேலும் கீழும் அசைத்தார். தகடு நழுவியது, அலகு மடங்கியது, ஆள்காட்டி விரலின் உட்புறம் எலும்பு வரை வெட்டு. நான்கு தையல்கள். வலக்கை என்பதால், அரையாண்டுத் தேர்வுக்கு அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். இன்றும் அவ்விரல் முழுதாக மடங்குவதில்லை. என்னை அவர் ஒரு சொல் கடிந்ததில்லை. அதுதான் எனக்குப் பெருந்தண்டனை.

அன்று முதல் கத்திப் பூட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் ஆராய்ந்தேன். கைக்குக் கிடைத்தவற்றைக் கழற்றியும் பார்த்தேன். அதில் தெளிந்த முதல் உண்மை, பூட்டு நாம் வெட்டும்போது வேலை செய்வதே இல்லை என்பது! கூர்ப்பக்கத்தால் பழத்தை அழுத்தும்போது விசை அலகைத் திறக்கும் திசையிலேயே தள்ளுகிறது. எங்கள் வீட்டில் நெல்லையிலிருந்து அம்மா கொண்டு வந்த மடக்கு அரிவாள்மனை உண்டு. அதற்குப் பூட்டே இல்லை. காய் அலகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அலகின் அடி கட்டையில் முட்டி நிற்கிறது. இருபது ஆண்டுகளாக அது மடங்கி அம்மாவின் கையை வெட்டியதில்லை.

அப்படியானால் பூட்டு எப்போது தேவை? முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகைப் பிடுங்கும்போதும், முதுகுப் பக்கம் எதிலேனும் இடிக்கும்போதும். அதாவது நாம் தவறும்போது மட்டுமே அது நமக்காக நிற்கிறது. ஆபத்தில் மட்டும் அழைக்கப்படுகின்ற காவலாளி அது. அக்காவலாளி விழித்திருக்கிறானா என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பூட்டையும் எடை போடுகிறேன்.

முதலில் பூட்டில்லாத கத்தி. நம் அப்பாமார்கள் வைத்திருந்த பேனாக்கத்தி இவ்வகை. முதுகில் உள்ள வில் அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897ஆம் ஆண்டு பதிவு செய்த அதிகாரிக் கத்தியின் வழிவந்த சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவை இன்றும் இப்படித்தான். இதில் பொய் இல்லை. "நான் மடங்குவேன், கவனமாக இரு" என்று அது முதலிலேயே சொல்லி விடுகிறது. அறைக்குள் செய்யும் வேலைக்கு எனக்கு இதுவே போதும்.

இரண்டாவது முதுகுப் பூட்டு. கைப்பிடியின் முதுகோடு ஓர் எஃகுச் சட்டம் ஊஞ்சற்பலகை போல் நடுவில் அச்சு கொண்டு நிற்கும். அதன் முன்முனையிலுள்ள பல், அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழும். பின்புறம் அழுத்தினால் பல் எழும்பும். அமெரிக்காவில் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110ஆம் எண் கத்தி இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. வலிமையில் குறையில்லை. மடக்கும்போது விரல் அலகின் பாதையில் வருவதுமில்லை. ஆனால் பள்ளத்தில் மண்ணோ பஞ்சோ அடைத்தால் பல் முழுதும் இறங்காது. ஓசை கேட்கும், பூட்டு விழுந்தது போலவும் தோன்றும். வெளியிலிருந்து உற்றுப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது.

மூன்றாவது, என் தம்பியின் விரலை வெட்டிய தகட்டுப் பூட்டு. லைனர் லாக் என்பர். மின்பணியாளர் கத்திகளில் முன்பே இருந்த இம்முறையை 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் செம்மைப்படுத்தினார். கைப்பிடிக்குள் உள்ள தகடு பக்கவாட்டில் வளைந்து அலகின் அடிக்குப் பின்னே சென்று முட்டுக் கொடுக்கும். அலகின் அடி ஏறத்தாழ 8 பாகை சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். தகடு தேயத் தேய, ஆப்பு போல் மேலும் உள்ளே சென்று இறுகுவதற்காகவே அச்சரிவு. அழகான ஏற்பாடு! ஆனால் இதைத் தாங்குவது உராய்வே. 8 பாகையின் டேன்ஜெண்ட் 0.14. இரு எஃகு முகங்களுக்கிடையே உள்ள உராய்வுக் குணகம் இதனினும் மிகுந்திருக்கும் வரை தகடு நழுவாது. சரிவு கூடினாலோ, முகத்தில் எண்ணெய் படிந்தாலோ, தகடு நுனியளவே தொட்டாலோ கணக்கு மாறுகிறது. நன்கு செய்தவன் கையில் இது நம்பத் தகுந்தது. மலிவாகச் செய்தவன் கையில் நம்பிக்கைத் துரோகம். தவிர, மடக்குவதற்குக் கட்டைவிரலை அலகின் பாதையிலேயே வைக்க வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் உறுத்தல்.

நான்காவது குறுக்குக் கம்பிப் பூட்டு. 1998இல் பெஞ்ச்மேட் நிறுவனம் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டு வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இன்று பலரும் செய்கின்றனர். கைப்பிடியின் குறுக்கே ஓர் எஃகுக் கம்பி. மெல்லிய இரு வில்கள் அதை முன்னே தள்ள, அது அலகின் அடிமேல் வந்து அமர்கிறது. கம்பியை விரல்களால் பின்னிழுத்தால் பூட்டு விடும். இடக்கையர்க்கும் வலக்கையர்க்கும் ஒன்றே. விரல் அலகின் வழியில் இல்லை. ஒரு கையில் கிளையைப் பற்றிக்கொண்டு மறு கையால் வேலை செய்பவருக்கு இதனினும் வசதி வேறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறை ஒன்றுதான். அவ்வில்கள் மயிரிழை போன்றவை. ஒன்று ஒடிந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். அதனாலேயே ஒன்று ஒடிந்ததை நாம் அறியாமல் இருந்து விடலாம்.

ஐந்தாவது வளையப் பூட்டு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் மார்செல் ஒப்பினெல் ஒரு வளையம் சேர்த்தார். வளையத்தில் ஒரு பிளவு உண்டு. பிளவு கைப்பிடியின் பள்ளத்திற்கு நேராக இருந்தால் அலகு மடங்கும்; வளையத்தைத் திருப்பினால் பள்ளம் அடைபடும், அலகு மடங்க வழியில்லை. வில் இல்லை, பல் இல்லை, ஓசை இல்லை. ஒரு பார்வையில் தெரியும். விரலால் தடவினால் இருட்டிலும் தெரியும்.

என் மனம் இந்த வளையத்தையே விரும்புகிறது. இதனினும் வலிமையான பூட்டுகள் உண்டு, வேகமானவையும் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகைத் திறக்கவே பாடுபடுத்தும். திருப்ப மறந்தால் பூட்டே இல்லை. "மறந்தால் பயனில்லாத பூட்டு என்ன பூட்டு?" என்று என் அறை நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் திருப்பாத வளையம் திருப்பியது போல் நடிப்பதில்லை. பூட்டாததைப் பூட்டியதாக நினைப்பதுதான் விரலை வாங்குகிறது. தானே பூட்டிக்கொள்ளும் கத்தி என் கவனத்தைத் தூங்க வைக்கிறது. நானே பூட்ட வேண்டிய கத்தி ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்வி கேட்கிறது.

பூட்டுக் கத்தி போக்கிரிகளின் கருவி என்போரும் உண்டு. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 அங்குலத்திற்கு மேற்படாத மடக்குக் கத்தியைத் தனிக் காரணம் காட்டாமலே வெளியே எடுத்துச் செல்லலாம். பூட்டுள்ளதாயின் தக்க காரணம் வேண்டும் என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்தியும் இந்திப் படத்து வில்லன்களால் கெட்ட பெயர் வாங்கியது. அவ்வூர்க் கைவினைஞர் பலர் தொழிலை இழந்தனர். அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டு குத்துபவனுக்கும் உதவும். ஆனால் பட்டையை நெம்பும் மாணவன் விரலைக் காப்பதும் அதே பூட்டுதான். விடுதியிலும் வகுப்பிலும் பூட்டில்லாச் சிறு கத்தி. காட்டுக்குப் போகும் நாளில் மட்டும் பூட்டுக் கத்தி. இதுவே நான் வகுத்துக்கொண்ட நெறி. அவரவர் ஊர்ச் சட்டத்தை மதிப்பதும் இதில் அடங்கும்.

நண்பர்களே! உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம். முதுகுப் பூட்டோ, குறுக்குக் கம்பியோ, எதுவாயினும் இருக்கட்டும். ஒன்று மட்டும் வேண்டுகிறேன். இன்றிரவு உங்கள் கத்தியைத் திறந்து, விளக்கின் கீழ்ப் பிடித்து, பூட்டு எங்கே எவ்வளவு பற்றுகிறது என்று பாருங்கள். பஞ்சும் மண்ணும் இருந்தால் துடையுங்கள். பற்றுக் குறைந்திருந்தால் அக்கத்தியை ஒதுக்கி விடுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். அதன் குறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தக் கத்தி இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எறிந்து விட மனம் வரவில்லை. எவருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. இந்த மார்ச்சில் மறுபடியும் மலைக்குச் செல்கிறோம். தம்பியும் வருகிறார். அவருக்கென்று ஒரு வளையக் கத்தி வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கும்போது வளையத்தைத் திருப்பிக் காட்டித்தான் கொடுப்பேன். முன்பு சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்ல வேண்டுமன்றோ?