நளபாகம் கோடம்பாக்கத்தோடு நின்றுவிடலாமா?

நூல் விலை, நெசவுக் கூலி, உர வினியோகம், கொள்முதல் பாக்கி என்று நமது சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். பேசவேண்டிய விஷயங்கள்தாம். ஆனால் அந்தக் கூட்டத்திற்கு வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் காலையும் மாலையும் எரிகிற அடுப்பைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. கூட்டுறவுப் பத்திரிகையில் அடுப்பங்கரைக்கு என்ன வேலை என்று கேட்கும் அங்கத்தினர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். நம் இயக்கமே அடுப்பங்கரைச் சரக்கில்தான் தொடங்கிற்று. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளிகள் கூடி, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களில் நெசவாளர் பலர். அன்று அவர்கள் விற்பனைக்கு வைத்தவை வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில சாமான்களே. நம் சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் வீட்டுச் சாமான்களை நியாயமான விலையில் அங்கத்தினர்களுக்குக் கொடுக்கும் பணியினாலேயே பெயர் பெற்றது. ஆகவே, சமையல் நமக்கு அந்நியமான விஷயமன்று. சாமான் வீட்டு வாசல் வரை வந்து சேருவதைப் பற்றி நிறையச் சிந்தித்திருக்கிறோம். வாசலைத் தாண்டிய பிறகு அதைச் சோறாக்குவது யார் என்பதைத்தான் சிந்திக்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, நாம் சற்றே கோடம்பாக்கம் வரை போய்வர வேண்டும்.

கோடம்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சினிமா. காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டூடியோ 1948-இல் சென்னைக்கு வந்தது. அதைச் சுற்றியும் விஜயா, வாகினி ஸ்டூடியோக்களைச் சுற்றியும் ஒரு தொழில் நகரமே எழுந்தது. ஸ்டூடியோக்களில் பெரும்பாலானவை வடபழனி, சாலிக்கிராமம் பக்கம் இருந்தபோதிலும் தமிழ்ச் சினிமாவுக்குக் கோடம்பாக்கம் என்பதே பெயராகிவிட்டது. திரையில் தெரிந்தவர்களைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். நாம் பேச விரும்புவது திரைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி. உதவி டைரக்டர், ஒளிப்பதிவு உதவியாளர், துணை நடிகர், வாத்தியக்காரர், கதை எழுத வந்தவர் என்று எத்தனையோ இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

வந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தண்ணீர்க் குடம்: அதுவே குடித்தனம். மாதத்தில் பாதி நாள் கையில் வேலையிராது. ஹோட்டலில் சாப்பிடக் காசும் இராது. ஆகவே சமைத்தார்கள். ஒருவன் அரிசி களைவான். ஒருவன் வெங்காயம் உரிப்பான். ஒருவன் கடைக்குப் போய்க் கீரைக்கட்டு வாங்கி வருவான். சமைக்காதவன் பாத்திரம் துலக்குவான். அரிசிக்கும் பருப்புக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நமது சங்கத்து அங்கத்தினர்கள் உற்றுக் கவனித்தால், பதிவு செய்யப்படாத ஒரு நல்ல கூட்டுறவுச் சங்கம் அந்த அறைக்குள் நடந்ததை உணரலாம்.

அதுமட்டுமன்று, அந்த அறைகளில் சமையல் ஒரு பாரமாகவும் இருக்கவில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறு மோகம் பிறந்துவிடும். ஒருவனுக்கு வற்றல் குழம்பில் பேர். இன்னொருவன் ரசத்துக்கு மிளகை எப்போதும் தன் கையால்தான் தட்டுவான். வேறொருவன் பழைய தகர டப்பாவில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வளர்ப்பான். வறுமையிலும் மனிதனை மனிதனாக வைத்திருப்பவை இத்தகைய சிறு ஆசைகளே. இன்று ஸ்டவ் போய்ச் சிறிய சமையல் எரிவாயு உருளையும் மின்சார அடுப்பும் வந்துவிட்டன. கைப்பேசியில் சொன்னால் சாப்பாடு படியேறி வருகிறது. ஆனாலும் ஊரைவிட்டுப் பிழைக்க வந்த ஆண்பிள்ளைகள் அறையில் தாமே பொங்கிச் சாப்பிடும் வழக்கம் சென்னையில் மறைந்துவிடவில்லை.

இனி நமது கேள்விக்கு வருவோம். கோடம்பாக்கத்து அறையில் நாலு பேருக்குச் சோறு வடித்த அதே இளைஞன், பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தண்ணீர்" என்று ஏன் குரல் கொடுக்கிறான்? அவனுக்குக் கல்யாணமாகிவிட்டால் அந்த வற்றல் குழம்புக் கைப்பக்குவம் எங்கே போய்விடுகிறது?

ஆணுக்குச் சமையல் வராது என்று யாரும் சொல்ல முடியாது. நம்மவர்கள் மிக உயர்ந்த சமையலுக்கு இட்ட பெயர் நளபாகம். அதற்கு நிகராகச் சொல்வது பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயர்களே. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பின் முன் நிற்பவர் பெரும்பாலும் ஆண். ஹோட்டலில் தோசைக்கல்லின் முன் நிற்பவரும் ஆண். கூலி கிடைக்குமிடத்தில் சமையல் ஆணின் தொழில். கூலி இல்லாத இடத்தில் அது பெண்ணின் கடமை. உள்ளதைச் சொல்வதானால் இவ்வளவுதான் வித்தியாசம்.

நமது நெசவாளர் வீட்டின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். தறிக்குழியில் உட்கார்ந்து நாடாவை வீசுபவர் நெய்கிறார் என்று கணக்கில் வருகிறது. அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பவள் யார்? அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதற்கு உதவுபவள் யார்? தெருவில் பாவு ஓட்டிக் கஞ்சி போடும் நாளில் இருட்டோடு எழுந்து கஞ்சி காய்ச்சுபவள் யார்? பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய கையோடு வயிற்றுக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டியவள் அவளே. உழவர் வீட்டிலும் இதே கதைதான். நடவும் களையெடுப்பும் முடித்து வரப்பேறி வந்த பெண், வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறாள். அவளோடு வயலில் நின்ற ஆண் கால் கழுவிக்கொண்டு உட்காருகிறான்.

"நாள் முழுதும் தறி மிதித்துக் கால் வலியெடுத்தவனை அடுப்பிலும் நிற்கச் சொல்கிறீர்களே, நியாயமா?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். கால் வலி உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருவரும் உழைக்கும் வீட்டில் ஒருவருடைய வலி மட்டுமே ஓய்வுக்குக் காரணமாவது எப்படி? 2019–20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறி நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களின் பங்கு அதில் பெரிது என்பது மெய். நம் பக்கம் தறியில் ஆண்கள் நிறையவே உட்காருகிறார்கள். எனினும் தறிக்கு முன்னும் பின்னும் உள்ள வேலையில் பெண்ணின் கை படாத சேலை ஒன்றேனும் உண்டோ?

வீட்டு வேலைக்கும் சர்க்கார் கணக்கு எடுத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஒரு நாளில் கூலியில்லாத வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர். 2024-இல் மறுபடி நடத்திய ஆய்வில், அவ்வேலையைச் செய்த பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. 289 நிமிடம் என்றால் ஏறத்தாழ ஐந்து மணி. நமது சங்கத்தில் எந்த அங்கத்தினரிடமாவது தினம் ஐந்து மணி நேரம் கூலியின்றி உழைக்கச் சொன்னால் ஒப்புவாரா?

தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று, நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டுக்குள் பெண் செய்யும் உழைப்பும் உழைப்பே என்பதற்கு அது ஒரு பகிரங்க அங்கீகாரம். அரசு பணம் கொடுக்கலாம். நம் வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்காது. எஞ்சியதை நாம்தான் செய்தாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சில வீடுகளில் ஆண்கள் சமைப்பதாகப் பெருமைப்படுவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்வார்கள். வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் இறங்கும். வெங்காயத் தோல் கூடம் வரை பறக்கும். பிரியாணி பிரமாதம் என்று அண்டை வீட்டார் புகழ்வார்கள். அன்று பிற்பகல் முழுதும் அந்தப் பாத்திரங்களோடு போராடுபவள் வீட்டுக்காரி. ஆசைக்குச் சமைப்பது நல்லதே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியை விடச் செவ்வாய்க்கிழமை ரசமே பெரிய உதவி. கோடம்பாக்கத்து அறையின் தருமமும் அதுவே: முறை வந்தவன் சமைக்க வேண்டும், சமைக்காதவன் துலக்க வேண்டும்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டார். கண்ணளவிலும் கையளவிலும் இருந்த சமையலை, இன்ன பொருள் இன்ன அளவு என்று பிரித்து எழுதினார். தாயார் பக்கத்தில் இல்லாதவரும் அதைப் பார்த்துச் சமைக்கலாம். 'சமைத்துப் பார்' என்ற அந்த ஏவல் பெண்ணைப் பார்த்து மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை; படிக்கத் தெரிந்த எவரையும் பார்த்துச் சொன்னது.

எமது அபிப்பிராயம் இது. பதினெட்டு வயது நிரம்புவதற்குள் நமது அங்கத்தினர் வீட்டு ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் நாலே நாலு பண்டங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது சோறு: அரிசியைக் களைந்து, பதம் பார்த்து வடிப்பது. இரண்டாவது ரசம்: நாலு பேருக்கு நெல்லிக்காயளவு புளி, ஒரு தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, புளிவாசனை போகக் கொதித்தபின் பருப்புத் தண்ணீரை விட்டு, நுரை கட்டியதும் இறக்கித் தாளிப்பது. நுரைத்த பின்னும் கொதிக்கவிட்டால் ருசி கெட்டுவிடும். மூன்றாவது கீரை: மூடாமல் வேகவைத்து, கடைசியில் உப்பிட்டு மத்தால் கடைவது. நாலாவது துவையல்: பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து, தேங்காய், புளி, உப்புடன் கரகரப்பாக அரைப்பது. இந்த நாலும் கைவந்தவன் எந்த ஊருக்குப் போனாலும் பட்டினி கிடக்கமாட்டான். கல்யாணமான வீட்டிலும் வெறும் விருந்தாளியாக இருக்கமாட்டான்.

இதில் உழவருக்கும் ஆதாயம் உண்டு. சமைக்கத் தெரியாதவன் பொட்டலத்தை வாங்குகிறான். சமைக்கத் தெரிந்தவன் கீரைக்கட்டை வாங்குகிறான். எது இளசு, எது முற்றல் என்று பார்க்கிறான். அரிசியின் பெயரைக் கேட்கிறான். நல்ல விளைச்சலின் அருமையை அடுப்பில் நின்றவன்தான் அறிவான்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறோம்? உலை கொதிக்கும் காலை வேளையிலோ விளக்கு வைக்கும் மாலை வேளையிலோ அழைப்பு அனுப்பிவிட்டு, பெண் அங்கத்தினர் வரவில்லை, அவர்களுக்கு அக்கறையில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிடுகிறோம். அவர்களைக் கூட்டத்திலிருந்து தடுத்து நிறுத்துவது அக்கறைக்குறைவன்று; அடுப்பில் இருக்கும் உலைதான். ஒன்று கூட்டத்தின் நேரத்தை மாற்ற வேண்டும். அல்லது அன்றைய உலையை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் செய்தால் மிகவும் நன்று.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றுகிறோம், பேச்சாளரை அழைக்கிறோம். அந்த ஏழு நாளும் அங்கத்தினர் வீடுகளில் இரவுச் சமையலை ஆண்கள் ஏற்று நடத்தட்டும் என்று ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். இதற்குப் பதிவாளரின் அனுமதி வேண்டாம். நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஏழாம் நாள் பொதுக்கூட்டத்தில் பெண் அங்கத்தினர்களை எழுந்து பேசச் சொல்லுங்கள். ரசத்தின் பக்குவத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் குறைகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு கூலியைப் பற்றியும் நூலைப் பற்றியும் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். இத்தனை நாள் அதைச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லாமற் போயிற்று.

கூட்டாக வாங்குவதும் கூட்டாக விற்பதும் நமக்குக் கைவந்துவிட்டன. கூட்டாகச் சமைப்பதும் துலக்குவதும் அவ்வளவு கடினமானவை அல்ல. கையில் காசில்லாத இளைஞர்கள் கோடம்பாக்கத்து வாடகை அறையில் செய்து காட்டியதை, சொந்த வீட்டில் நம்மால் செய்ய முடியாதா?