நீலத் திமிங்கிலங்களின் மேல் ஓடும் கப்பல் பாதை



தென்னிலங்கையின் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் வரைக்கும் விடியற்காலையில் படகுகள் நிறைந்து புறப்படும். நமது சுற்றுலா விளம்பரங்களில் யானைக்கு அடுத்த இடத்தை இன்று நீலத் திமிங்கிலத்தின் வால் பிடித்திருக்கிறது. அந்த வாலைக் காட்டி உலகத்தை அழைக்கும் அரசு, அதே விலங்கு இரை தேடும் இடத்தின் குறுக்கே பெருங்கப்பல்கள் போய்வருவதை ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் எதிர்ப்பு அதற்குத்தான்.

தேவேந்திரமுனைக்குத் தெற்கே கடலின் ஆழமற்ற விளிம்பு மிகவும் ஒடுங்கியது. கரையிலிருந்து சில கடல் மைல் போனதுமே கடலடி சரிந்து ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சரிவில் சிறு இறால் வகைகள் திரள்கின்றன. அவற்றைத் தின்னவே நீலத் திமிங்கிலங்கள் அங்கே கூடுகின்றன. மலாக்கா நீரிணைக்கும் சூயஸ் கால்வாய்க்கும் இடையே ஓடும் கப்பல்கள் இலங்கையின் தென்முனையைச் சுற்றித் திரும்புவதும் அதே சரிவின் மேல்தான். உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் இது ஒன்று.

வேறு கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் கோடையில் துருவத்தை நோக்கிக் குளிர்ந்த கடலுக்குப் போய் உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குத் திரும்புகின்றன. வட இந்து சமுத்திரத்தின் திமிங்கிலங்கள் அப்படிப் போவதில்லை. உண்பதும் குட்டி ஈனுவதும் வளர்ப்பதும் இந்த வெப்பக் கடலிலேயே. நமது கடலியல் ஆய்வாளர் கலாநிதி ஆஷா டி வொஸ் இதைப் பல ஆண்டுகளாக உலகத்துக்கு எடுத்துச் சொல்லி வருகிறார். போவதற்கு வேறு கடல் இல்லாத இந்தக் கூட்டம் ஏற்கெனவே ஒருமுறை சூறையாடப்பட்டது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. இன்று நாம் காண்பவை அந்த அழிவுக்குத் தப்பியவற்றின் வழிவந்தவை. இவற்றில் ஒரு தாய் இறந்தாலும் அது பெரிய இழப்புத்தான்.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்மூக்கில், 60 அடிக்கு மேல் நீளமான நீலத் திமிங்கிலம் ஒன்று இறந்து வளைந்து கிடந்தது. படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனை பெரிய உடலில் மோதினாலும் கப்பலில் இருப்பவர்களுக்கு அதிர்வு தெரியாமற் போகலாம். அந்தத் திமிங்கிலம் மூக்கில் சிக்கியதால் நமக்குத் தெரிந்தது. சிக்காதவை பெரும்பாலும் கடலில் அமிழ்ந்துவிடுகின்றன. கரை ஒதுங்கும் உடல்களை மட்டும் எண்ணிக்கொண்டு "அப்படியொன்றும் பெரிய பாதிப்பில்லை" என்று அதிகாரிகள் சொல்வதை ஏற்க முடியாது.

இதற்குத் தீர்வு உண்டு, அது எளியதும்கூட. பாதையை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 வீதம் குறையும் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. இதைக் கேட்பவை விலங்கு நல அமைப்புகள் மட்டுமல்ல, கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கங்களே ஆதரிக்கின்றன. எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தன் கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. ஆனால் எல்லாக் கப்பல்களும் விலக வேண்டுமானால் அதிகாரபூர்வப் பாதையே மாற வேண்டும். அதற்கான கோரிக்கையைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசுதான் முன்வைக்க வேண்டும். உலகமே சம்மதிக்கும் ஒரு காரியத்துக்கு நம் அரசின் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

துறைமுக வருமானம் குறையும் என்கிறார்கள். கொழும்புக்கோ காலிக்கோ அம்பாந்தோட்டைக்கோ வர வேண்டிய கப்பல் எப்படியும் வரும். வெறுமனே கடந்து போகும் கப்பல் அந்தப் பாதைக்கென்று நமக்குக் கட்டணம் எதுவும் தருவதில்லை. மறுபுறம், அந்தச் சரிவில் வலை விரிக்கும் நமது கடற்றொழிலாளர்கள் இரவில் இராட்சதக் கப்பல்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணிகளும் அதே நீரில்தான் நிற்கிறார்கள். பாதை விலகினால் இவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு. மனித உயிர் சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தைக் கடற்றொழில் அமைச்சுகூட உரத்துப் பேசாதது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

படகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திமிங்கிலங்களுக்கு 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்ற விதிகள் 2012இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த மகள் குடும்பத்தோடு மிரிஸ்ஸவில் நானும் படகேறினேன். தூரத்தில் நீர்த்தாரை தெரிந்ததும் சுற்றியிருந்த படகுகள் எல்லாம் முழு வேகத்தில் அந்தப் பக்கம் பாய்ந்தன. எங்கள் படகும் விதிவிலக்கல்ல. மூச்செடுக்க மேலே வந்த உயிரை மூன்று பக்கமும் மறித்து நின்று படம் பிடித்தோம். அது வழக்கமான மூச்சுகளை எடுத்து முடிக்கும் முன்பே வாலைத் தூக்கி அமிழ்ந்துவிட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் படகு ஒன்றையும் அன்று நான் காணவில்லை. படகோட்டிகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கிட்டப் போகாதவனுக்கு மறுநாள் ஆள் வராது என்ற நிலையில் அவர்களை விட்டிருப்பது கண்காணிப்பு இல்லாமைதான்.

கடலில் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தொட்டியில் காட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நீலத் திமிங்கிலத்துக்குத் தொட்டி கட்ட எவராலும் முடியாது. டொல்பின்களுக்குக் கட்டிய தொட்டிகளின் கதையும் நமக்குத் தெரியும். 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. 2013இல் இந்திய அரசு டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றே அறிவித்துவிட்டது. இந்த உயிர்களைப் பிள்ளைகள் காண வேண்டிய இடம் கடல்தான். அதனால்தான் கடற்பயணம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

திருகோணமலையில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. எங்கள் கோணேசர் கோயில் மலையில் நின்றாலே, காலம் வாய்த்தால் திமிங்கிலம் தெரியும். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் நீலத் திமிங்கிலங்களைக் கண்டு வியந்ததும் இந்தக் கடலில்தான். யுத்தம் அந்த ஆய்வை அறுத்தது. இப்போது இங்கேயும் சுற்றுலாப் படகுகள் பெருகுகின்றன. மிரிஸ்ஸவின் ஒழுங்கீனம் இங்கே வேரூன்றும் முன்பே தடுக்கலாம்.

துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சு பாதை மாற்றக் கோரிக்கையைச் சர்வதேச கடல்சார் அமைப்புக்கு உடனே அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாதென்றால் காரணத்தைப் பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும். பருவம் முழுவதும் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் வனஜீவராசிகள் திணைக்களம் கடலில் நிற்க வேண்டும், மீறுவோரின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய வேண்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: படகுக்குப் பணம் கட்டும் முன் 100 மீற்றர் விதியை மதிப்பீர்களா என்று கேளுங்கள். "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்பவரின் படகில் ஏறாதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
திருகோணமலை.