எந்தத் தசை முதலில் சோர்ந்தது?

ஐந்து வயசுப் பையன். ஓடினால் விழுகிறான். மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுகிறான். கெண்டைக்கால் மட்டும் திரண்டு உருண்டிருக்கிறது. "நல்ல சதைப்பிடிப்பு, அப்படியே தாத்தா கால்!" என்று வீட்டில் பூரித்துப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அவனைத் தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையைத் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில், அப்புறம் தொடையில் என்று தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்தால், இடுப்பும் தொடையும் பலமிழந்திருக்கின்றன. இங்கிலாந்து டாக்டர் கவர்ஸ் 1879-லேயே விவரித்த அடையாளம் இது. ஆண் குழந்தைகளுக்கு வரும் டூஷேன் என்ற பரம்பரைத் தசைச்சிதைவு நோயில் இதைப் பார்க்கலாம்.

'கால்ல வலு இல்ல' என்று மொட்டையாகச் சொல்லி டானிக் வாங்கி வருவதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் தசை முதலில் சோர்ந்தது, எது இன்னும் தெம்பாக இருக்கிறது? டாக்டருக்கு இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி.

கள்ளக்குறிச்சி டவுனில் பஸ் படிதான் காட்டிக் கொடுக்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஏறி இறங்குகிறவர்களுக்கு வித்தியாசம் சீக்கிரமே தெரியும். தொடையை அமுக்கிக்கொண்டு மேடு ஏறினால் ஒரு வகை. மேடு ஏற முடிகிறது, ஆனால் கால் விரல் கல்லில் இடறுகிறது, செருப்பு கழன்று போகிறது என்றால் வேறு வகை. ஜி.என்.இ. என்ற நோய் பெரும்பாலும் இருபது, முப்பது வயசில் பாதத்தில்தான் ஆரம்பிக்கும். முன்தொடை பல வருஷம் தப்பித்து நிற்கும். விசில் அடிக்க முடியவில்லை, தலை வாரக் கை தூக்க முடியவில்லை என்றால் அது இன்னொன்று.

ஒரு கூத்தும் நடக்கிறது. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தால் உடனே 'கல்லீரல்' என்று பத்தியம் போட்டுவிடுகிறார்கள். தசை சிதைந்தாலும் இவை கூடும்! சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். 200 வாக்கில் இருக்க வேண்டியது டூஷேனில் பல ஆயிரமாக எகிறும். ஜி.என்.இ.யில் கொஞ்சமே கூடலாம், கூடாமலும் இருக்கலாம். அதற்கப்புறம் ஜீன் பரிசோதனை. அதற்கும் ரத்தம் போதும். தசையை வெட்டி எடுப்பது எல்லோருக்கும் வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே காட்டி, தேவைப்பட்டால் நரம்பியல் நிபுணரிடம் போகலாம்.

"குணமாகாத நோய்க்குப் பேர் எதுக்கு?" என்பீர்கள். டூஷேனில் டாக்டர் பார்த்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு, பையன் நடக்கும் காலத்தை நீட்டிக்கும். இருதயம், மூச்சு இரண்டையும் முன்கூட்டியே கவனிக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஆலோசனை பெறலாம். 2016 சட்டப்படி தசைச்சிதைவு நோயும் ஊனங்களின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழுக்கும் நோயின் பெயர் வேண்டும்.

இன்னொன்று, மருமகளைக் கூண்டில் ஏற்றாதீர்கள். டூஷேனுக்கும் மாமன் மகளைக் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. தாய்வழி வந்தாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அது புதிதாக முளைத்த கோளாறு. ஜி.என்.இ. போன்றவற்றில் அப்பா, அம்மா இருவருமே கோளாறைக் கொடுக்கிறார்கள். உறவுக்குள் கட்டினால் வாய்ப்பு கூடுவது அங்கேதான்.

மலைக்கு அந்தப் பக்கம், சேலத்தில், வானவன்மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் தங்களுக்கே இந்த நோய் இருந்தும் மற்ற நோயாளிகளுக்காக ஆதவ் அறக்கட்டளையை நடத்தினார்கள். வானவன்மாதேவி 2017-ல் காலமானார். நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகு ஒடுங்கி உட்காராதவர்கள் அவர்கள்.

டாக்டர் முன்னால் பிள்ளைகள் நடக்க அடம் பிடிப்பார்கள். தரையிலிருந்து எழுவதையும் படி ஏறுவதையும் வீட்டிலேயே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். பழைய ரத்த ரிப்போர்ட் ஒன்றுவிடாமல் பையில் இருக்கட்டும்.